முப்பது விநாடிக் குரல்

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது குமரன் விளம்பர நிலையம். செல்லக்கிளி அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு சண்டை போட்டாள். சுவரில் எழுதுவதற்காக வரைந்து வைத்திருந்த மாதிரிப் படம்தான் காரணம். கூந்தல் தைலப் புட்டியைக் கையில் ஏந்தி ஒரு மலைவாசி நிற்கிறான். தலையில் மயிலிறகு, கழுத்தில் எலும்பு மாலை, இடுப்பில் இலை.

"இது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

முதலாளி குமரகுருபரன் சிரித்தார். "காணிக்காரன்மா. பாபநாசம் மலையில இருக்கானுவல்லா? மூலிகையெல்லாம் அவனுவளுக்குத்தான் தெரியும்."

"நானும் காணிதான். எங்க அப்பா வேட்டி கட்டுதாரு. எங்க அம்மா சேலை கட்டுதா. இப்படி ஒரு ஆளை நான் எங்க மலையில பார்த்ததே இல்ல."

குமரகுருபரனின் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் பேசிய தமிழைக் கேட்டு, பாளையங்கோட்டைப் பக்கத்து வாத்தியார் வீட்டுப் பெண் என்று நினைத்துத்தான் வேலை கொடுத்திருந்தார். ஆனால் கெட்ட மனிதர் இல்லை. இறகை மட்டும் அழிக்கச் சொன்னார். மறுநாள் எலும்பு மாலையும் போயிற்று. இலை போக ஒரு வாரம் ஆயிற்று.

அது தொண்ணூற்றிரண்டு ஜூன் மாதம். அடுத்த நான்கு வருஷமும் செல்லக்கிளி விடவில்லை. ஊரில் இருந்த மற்ற விளம்பரக் கம்பெனிகள், சினிமா சிலைடு போடுகிறவர்கள், காலண்டர் அச்சடிக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கடிதம் தட்டச்சு செய்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மலைச் சனங்களைக் காட்ட வேண்டுமானால் மலைச் சனங்களையே கூப்பிடுங்கள், பெயரைக் கேளுங்கள், சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள் என்று எழுதியிருந்தாள். ஒரு கம்பெனிக்காரர், கையெழுத்துப் போட மரத்தை விட்டு இறங்கி வருவார்களா என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். ஆனால் அவள் எழுதும் வாசகங்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. பெரிய கடைக்காரர்கள் "அந்தப் பிள்ளை எழுதினாப் போதும்" என்று சொல்ல ஆரம்பித்தபிறகு, அவளுடைய பேச்சைக் கேட்டே ஆகவேண்டிய நிலை வந்தது.

அப்படித்தான் தைல விளம்பரம் வானொலிக்குப் போனபோது அவள் சொன்னது நடந்தது. அதுவரை மதுரையிலிருந்து ஒரு மிமிக்ரிக்காரர் வந்து "உலுலுலு" என்று வாயில் கையை அடித்துக் கத்திவிட்டுப் போவார். அதுதான் மலைவாசிக் குரல். "ஒரே ஒரு தடவை நெசமான குரலை வச்சுப் பாருங்க அண்ணாச்சி. எங்க சித்தப்பா தேன்பாறையில நின்னு கூப்பிட்டா மூணு மலைக்குக் கேக்கும்" என்றாள்.

சித்தப்பா கொம்பையா, அவளுடைய அப்பாவின் தம்பி. காரையார் அணைக்கு மேலே, வட்டப்பாறை என்கிற குடியிருப்பில் தேன் எடுத்துப் பிழைக்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாத ஆள். செல்லக்கிளி போய் விவரம் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பாளையங்கோட்டையில் கிருபைராஜ் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், தொண்ணூற்றாறு பிப்ரவரியில் ஒரு பகல் நேரத்தில் பதிவு செய்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா நின்றார். மைக்குக்கு நேராக நிற்கச் சொன்னால் கேட்கவில்லை. மேற்கு எது என்று கேட்டு, அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டார். "ஏ...ஓஓ..." என்று அடிவயிற்றிலிருந்து எழுந்து, மேலே போய், வளைந்து இறங்கிய குரல். கிருபைராஜ் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மூணு தடவை கூப்பிடணும்லா?" என்று சித்தப்பா கேட்டார். காட்டில் அதுதான் வழக்கம். முதல் கூப்பாடு நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கு. இரண்டாவது நீ எங்கே என்பதற்கு. மூன்றாவது வீட்டுக்கு வா என்பதற்கு.

"வேண்டாம் அண்ணே, மொத்தமே முப்பது விநாடிதான். ஒண்ணு போதும்" என்றார் கிருபைராஜ்.

சித்தப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மைக்கைக் கண்டு பயந்திருப்பார் என்று செல்லக்கிளி நினைத்துக்கொண்டாள். சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். கூப்பாடு முடிந்ததும் இரண்டு விநாடி மௌனம், பிறகு தைலத்தின் பெயர், கடைசியில் "குரல் கொடுத்தவர் வட்டப்பாறை கொம்பையா காணி" என்று ஒரு வரி. ஒரு காணிக்காரரின் பெயரை விளம்பரத்தில் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்கு ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டாள்.

மார்ச் முதல் தேதியிலிருந்து தினமும் காலை ஏழு இருபத்தைந்துக்கு விளம்பரம் வந்தது. ஒரு வாரத்தில் தபால் அட்டைகள் வர ஆரம்பித்தன. குரல் நன்றாக இருக்கிறது என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். அவற்றில் பாபநாசத்திலிருந்து வந்த ஒரு அட்டையை மட்டும் செல்லக்கிளி இரண்டு தரம் வாசித்தாள். 'ஐயா கூப்பிட்டதும் தூரத்தில் பதில் கொடுக்கும் அம்மா யார்? அவர் பெயரையும் சொல்லலாமே.'

விளம்பரத்தில் பெண் குரலே கிடையாது. யாரோ வேறு எதையோ கேட்டிருக்கிறார்கள் என்று ஒதுக்கி வைத்தாள். நான்கு நாள் கழித்து அம்பாசமுத்திரத்திலிருந்து ஒன்று வந்தது. அதற்கு அடுத்து கல்லிடைக்குறிச்சி. 'அந்த அம்மாவின் குரல் மனசைப் பிசைகிறது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் எப்படிப் பதிவு செய்தீர்கள்?'

மறுநாள் காலை வானொலியின் விளம்பரப் பிரிவிலிருந்து விஜயஸ்ரீ போன் செய்தாள். நாடாக்களின் நேரத்தைக் கணக்குப் பார்ப்பது அவள் வேலை. "என்ன செல்லக்கிளி, முப்பது விநாடின்னு எழுதிக் கொடுத்திய, முப்பத்தி நாலு ஓடுது?"

"முப்பதுதான் விஜயஸ்ரீ. நீங்கதான முதல்ல பாத்து வாங்குனிய?"

"அதாம் எனக்கும் புரியல. முதல் நாள் முப்பதுன்னு என் கையாலதான் எழுதியிருக்கேன். போன வியாழக்கிழமை முப்பத்திரண்டு. இன்னைக்கு முப்பத்தி நாலு. எங்க மெசினு சரியாத்தான் இருக்கு, மத்த விளம்பரம் எல்லாம் அதது நேரத்துக்கு முடியுது. வந்து எடுத்துட்டுப் போயி என்னன்னு பாருங்க. இல்லன்னா அடுத்தவன் நேரத்துல போயி இடிக்கும்."

செல்லக்கிளி நாடாவை வாங்கிக்கொண்டு நேரே பாளையங்கோட்டைக்குப் போனாள். கிருபைராஜ் அதைச் சுழற்றி ஓடவிட்டுக் கையில் கடிகாரத்தோடு நின்றார். முப்பத்தைந்து விநாடி. நாடாவைக் கழற்றி, தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடாவால் நீளம் பார்த்தார். பதினெட்டே முக்கால் அடி. "விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். முப்பது விநாடிக்குப் பதினெட்டே முக்கால் அடி. சரியா இருக்கு" என்றார். மறுபடி ஓடவிட்டார். முப்பத்தைந்து.

"சத்தத்தைக் கூட்டுங்க" என்றாள் செல்லக்கிளி.

சித்தப்பா கூப்பிட்டார். பிறகு அந்த மௌனம். இரண்டு விநாடி இருக்கவேண்டிய மௌனம் நீண்டுகொண்டே போயிற்று. அதன் அடியில் ஓடை ஓடுவது போல ஒரு சலசலப்பு கேட்டது. அதற்கு அப்பாலிருந்து, சன்னமாக, ஆனால் தெளிவாக ஒரு பெண் குரல் வந்தது. "ஓ...ய்." சற்று விட்டு, "எங்கன நிக்கிய?"

கிருபைராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். பட்டப்பகல் பதினொரு மணி. வெளியே சாலையில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். "நிக்கிய" என்பதைக் கடைசியில் அப்படி இழுத்துச் சொல்லும் ஒரே ஒருத்தியைச் செல்லக்கிளிக்குத் தெரியும். முத்துராணி. சித்தப்பாவின் மனைவி.

தொண்ணூற்றிரண்டு நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தபோது, மலையில் ஓடையைக் கடக்கப்போன முத்துராணியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. உடம்பு கிடைக்கவில்லை. பாலங்கள் உடைந்து பஸ் ஓடாததால், செல்லக்கிளி போய்ச்சேர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் காரியம் எல்லாம் முடிந்திருந்தது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது மேஜையில் இன்னொரு அட்டை கிடந்தது. சேரன்மகாதேவியில் டீச்சராக இருக்கும் சாலோமி என்பவர் எழுதியது. 'உங்கள் விளம்பரத்தில் வரும் அம்மாவை இன்று காலை எங்கள் ஊர்ப் படித்துறையில் பார்த்தேன். பக்கத்து டீக்கடை ரேடியோவில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சேலையெல்லாம் நனைந்திருந்தது. அந்த ரேடியோவையே பார்த்துக்கொண்டு நின்று, என்னிடம், இவிய எங்கன நிக்காவ என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஈரப் பாதம் மட்டும் கிழக்கே போயிருந்தது. தயவுசெய்து அவருக்கு உதவுங்கள்.'

செல்லக்கிளி அட்டைகளை வரிசையாக அடுக்கினாள். பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி. ஆற்றோடு இறங்கி வருகிறாள். குரல் வானொலியிலிருந்து வருகிறது, வானொலி திருநெல்வேலியில் இருக்கிறது. இன்னும் இரண்டு நாளில் இங்கே வந்துவிடுவாள். இங்கே அவளைக் கூப்பிட்டவர் இருக்கமாட்டார். அதற்கப்புறம் ஆழ்வார்திருநகரி. அதற்கப்புறம் கடல்.

மறுநாள் விடியக்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாள். அணையைப் படகில் கடந்து, மேலே நடந்து வட்டப்பாறைக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. சித்தப்பா வீட்டு முன்னால் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கல்லின்மேல் டிரான்சிஸ்டர் இருந்தது. மழை படாமல் அதற்கு ஒரு பாக்குமரப் பாளையை வளைத்துக் கவிழ்த்திருந்தார்.

"சித்தப்பா, அன்னைக்கு யாரைக் கூப்பிட்டிய?"

கை நின்றது. அவளை நிமிர்ந்து பார்க்காமலே, "நீயும் கேட்டுட்டியா?" என்றார்.

"உங்களுக்கும் கேக்கா?"

"பத்து நாளாக் கேக்கேன். முதல்ல பக்கத்துல கேட்டுது. இந்தா, இந்த ஓடைக்கிட்ட. இப்ப நாளுக்கு நாள் தூரமாப் போவுது." கயிற்றை மடியில் போட்டுக்கொண்டார். "வெள்ளத்தன்னைக்குத் தேன்பாறையில ஏறி ஒரு தடவை கூப்பிட்டேன் பிள்ள. பதில் வரல. ரெண்டாவது கூப்பிடத் தொண்டை வரல. எல்லாரும் சொன்னாவ, மூணும் கூப்பிட்டு முடிச்சிருடா, அவ வந்து சொல்லிட்டுப் போயிருவான்னு. நான் மாட்டேன்னுட்டேன். மூணாவது கூப்பிட்டா வந்துருவா. வந்தா போயிருவால்லா?"

செல்லக்கிளி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அந்தக் கூடத்தில் எல்லாரையும் அசைத்துப்போட்டது எது என்று இப்போது புரிந்தது. பெயர் கேட்டாள், சம்மதம் கேட்டாள், கையெழுத்து வாங்கினாள். யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு மனிதன் மூன்று வருஷமாகத் தொண்டையில் அடைத்து வைத்திருந்ததை எடுத்துத் தைலப் புட்டிக்கு மேல் ஒட்டியிருக்கிறாள். இறகையும் எலும்பு மாலையையும் விட இது எந்த விதத்தில் நல்லது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"சித்தி உங்களைத் தேடி டவுனுக்குப் போய்க்கிட்டிருக்கா சித்தப்பா. உங்க சத்தம் அங்கன இருந்துதான் வருதுன்னு நினைக்கா. சேரன்மகாதேவியில ஒரு டீச்சர் பார்த்திருக்காவ. இப்படியே போனா ஆறு முடியுத இடம் வரைக்கும் போயிருவா."

கொம்பையா கயிற்றைச் சுருட்டி வைத்தார். "அப்ப அதை நிறுத்து" என்றார். "ரெண்டு நாள் பொறுத்து, ஞாயித்துக்கிழமை காலையில நான் பாறைக்குப் போறேன். நீயும் வா. எனக்குத் தனியாப் போகத் தெம்பில்ல."

அன்று ராத்திரி டவுனுக்குத் திரும்பி அவள் சொன்னதைக் குமரகுருபரன் முழுசாகக் கேட்டார். நாற்காலியில் சாய்ந்து விசிறியைப் பார்த்தபடி, "நம்புதேன் நம்பல, அதை விடு. நிறுத்தினா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றார். "தைலக் கம்பெனிக்காரர் மதுரை ஆளைத் திரும்பக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாரு. மத்த கம்பெனிக்காரனுவ என்ன பேசுவானுவ தெரியுமா? காட்டுச் சனத்தைக் கூட்டிட்டு வந்தா பேய் பிசாசுன்னு இழுத்து விட்டுருவாவன்னுவானுவ. நாலு வருசம் நீ பட்ட பாடு ஒரே நாள்ல போயிரும்."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சுமா?"

"அவரு சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கிட்டாரு. வேண்டாம்னா வேண்டாம்தான. அதைத்தான் நாலு வருசமா எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு அலையுதேன்."

குமரகுருபரன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி. அந்த முப்பது விநாடியில என்ன போடப் போற?"

செல்லக்கிளிக்கு அதுவரை அந்த யோசனையே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது. "நான் பேசுதேன்."

சனிக்கிழமை காலை கிருபைராஜின் கூடத்தில் அவள் பேசினாள். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய தமிழில் இல்லை. மலையில் அம்மாவிடம் பேசுகிற பேச்சில், என் பேர் செல்லக்கிளி காணி, என் ஊர் வட்டப்பாறை என்று ஆரம்பித்து, தன் தலைக்கு அம்மா எண்ணெய் காய்ச்சும் விதத்தைச் சொன்னாள். யாரையும் கூப்பிடவில்லை. இருபத்தெட்டு விநாடியில் முடிந்தது. கிருபைராஜ் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். மூன்று முறையும் இருபத்தெட்டுதான். பழைய நாடாவை அவள் கையில் கொடுத்து, "இதை நான் இங்கன வச்சுக்க மாட்டேன்மா" என்றார்.

அன்று மத்தியானமே செல்லக்கிளி மலைக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பாவும் அவளும் தேன்பாறையில் ஏறினார்கள். கீழே அணைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதற்கும் கீழே பாபநாசம், வயல்கள், வெயிலில் மின்னிய ஆறு. காற்றே இல்லை. வழக்கமாகக் கத்தும் கருங்குரங்குகள்கூட வாய் திறக்கவில்லை.

சித்தப்பா கையைக் குவித்து ஒரு முறை கூப்பிட்டார். காத்திருந்தார்கள். வெகு தூரத்தில், சமவெளியிலிருந்து, பூச்சி ரீங்காரம் அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. "ஓ...ய்."

இரண்டாவது முறை கூப்பிட்டார். இந்த முறை நேரம் பிடித்தது. வெயில் ஏறிப் பாறை சுட ஆரம்பித்தது. அணைத் தண்ணீரின் நடுவில் படகு போனால் விழுவது போன்ற ஒரு நீளக்கோடு விழுந்து, கரையை நோக்கி வந்தது. படகு எதுவும் இல்லை. "எங்கன நிக்கிய?" என்று காட்டுக்குள்ளிருந்து கேட்டது. எதிர்பார்த்துத்தான் நின்றிருந்தாள் செல்லக்கிளி. ஆனாலும் சித்தப்பாவின் பக்கம் ஒரு எட்டு நகர்ந்துகொண்டாள்.

சித்தப்பா மூன்றாவது முறை கூப்பிடவில்லை. கை குவிந்தபடியே நின்றது. செல்லக்கிளி அவர் முழங்கையைத் தொட்டாள். "கூப்பிடுங்க சித்தப்பா. நடந்து களைச்சிருப்பா."

கூப்பிட்டார். உரக்க இல்லை. அடுப்படியில் இருப்பவளை முற்றத்திலிருந்து கூப்பிடுகிற அளவுக்குத்தான்.

பாறைக்குக் கீழே சரளை உருண்டது. சுடுகிற கல்லின்மேல் ஒரு ஈரப் பாதம் பதிந்தது. அதற்கு மேல் இன்னொன்று. ஒவ்வொன்றும் வெயிலில் ஆவியாகிக் காய்வதற்குள் அடுத்தது விழுந்தது. ஆற்று வண்டலின் வாடை மூக்கில் ஏறியது. கடைசிப் பாதங்கள் இரண்டும் சித்தப்பாவின் காலுக்கு எதிரே, பக்கம் பக்கமாக நின்றன. அவை மட்டும் காயவில்லை.

"வந்துட்டியா?" என்றார் கொம்பையா.

செல்லக்கிளி திரும்பிப் பார்க்காமல் பாறையை விட்டு இறங்கினாள். அது அவள் இருக்கவேண்டிய இடம் இல்லை. கீழே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பையிலிருந்த பழைய நாடாவை எடுத்துச் சின்னச் சின்னதாக அறுத்துக் குழி தோண்டிப் புதைத்தாள். மேலே பேச்சுச் சத்தம் கேட்டது. சித்தப்பாவின் குரல், பிறகு இடைவெளி, பிறகு மறுபடி சித்தப்பாவின் குரல். ஒரு தடவை அவர் சிரித்ததும் கேட்டது. மூன்று வருஷத்தில் அவர் சிரித்து அவள் கேட்டதில்லை.

உச்சி வெயிலில் அவர் இறங்கி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. நடை மட்டும் லேசாகியிருந்தது.

"போயிட்டாளா சித்தப்பா?"

"போயிட்டா."

கொஞ்ச தூரம் நடந்தபின் அவராகவே சொன்னார். "வழி நெடுவ என் சத்தம் கேட்டுதாம். டீக்கடை, சலூன் கடை, வீட்டுக்கு வீடு. இத்தனை ஊருக்குக் கேக்கும்படியா என்னையக் கூப்பிட்டியளேன்னு கேட்டா. அதுல அவளுக்கு ஒரு சந்தோசம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் உங்கிட்ட கோவப்படல பிள்ள. அதையும் சொல்லிரணும்."

திங்கட்கிழமை காலை ஏழு இருபத்தைந்துக்குச் செல்லக்கிளியின் குரல் வானொலியில் வந்தது. அதற்கப்புறம் பெண் குரலைப் பற்றி யாரும் எழுதவில்லை. சேரன்மகாதேவி டீச்சருக்கு மட்டும் அவளே ஒரு அட்டை எழுதினாள், அந்த அம்மா போகவேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்துவிட்டார் என்று. தைலக் கம்பெனிக்காரர் ஒரு மாதம் முணுமுணுத்துவிட்டுப் பிறகு அடுத்த விளம்பரத்துக்கும் அவளையே கேட்டார். மரத்தை விட்டு இறங்குவார்களா என்று கேட்ட கம்பெனிக்காரர்கூட, காலண்டருக்கு ஒரு காணிக் குடும்பத்தைப் படம் எடுக்கவேண்டும், எப்படிக் கேட்பது என்று போன் செய்தார். "என்கூட மேல வாங்க. ரெண்டு நாள் அங்கன இருங்க. அவிய என்ன செய்யுதாவ, ஏன் செய்யுதாவன்னு தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் கேளுங்க" என்றாள்.

கொம்பையா இப்போதும் தேன் எடுக்கப் போகிறார். கூட வருகிறவர்கள் பிரிந்து போய்விட்டால், முத்துராணி மறுபடி நடந்து வரவேண்டாம் என்று அவர் கூப்பிடுவதில்லை. நாக்கை மடித்துச் சீட்டி அடிக்கிறார். அது நெடுந்தூரம் கேட்பதில்லை, மறு சரிவுக்குப் போனாலே தேய்ந்துவிடுகிறது. அவரைத் தேடித்தான் மற்றவர்கள் வரவேண்டியிருக்கிறது.